எழிற்கையும் தொழிற்கையும்

செம்பரம்பாக்கத்திலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை காஞ்சிபுரத்தை நோக்கி நீள்கிறது. அந்நகரக் கோயிலொன்றில் 1925-ஆம் ஆண்டு, வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய ஏழு வயதுச் சிறுமி சலங்கை கட்டி அரங்கேறினார். பின்னாளில் அபிநயத்துக்கு அளவுகோலாக விளங்கிய பாலசரசுவதி அவரே.

அவர் பயின்றது நெடிய மரபு. மாதவி ஐந்தாம் ஆண்டு தொடங்கி ஏழாண்டு ஆடல் கற்றதைச் சிலம்பின் அரங்கேற்று காதை கூறுகிறது. அழகு மட்டும் காட்டும் எழிற்கையையும், பொருள் உணர்த்தும் தொழிற்கையையும் பிரித்தறிந்தவனே அங்கு ஆடலாசான். (நம் கவிதை வரிகளுள் எழிற்கை எத்தனை, தொழிற்கை எத்தனை என எண்ணிப் பார்த்தல் நன்று.)

கந்தப்பப் பிள்ளையிடம் ஆடல் பயின்ற பாலசரசுவதி, அபிநய நுட்பங்களை மயிலாப்பூர்க் கௌரி அம்மாளிடமும் கற்றார். கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். ருக்மிணி தேவிக்கும் அவர் ஆசிரியர். பொட்டுக்கட்டும் வழக்கத்தையும் கோயில் ஆடலையும் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் விலக்கியது. பொட்டுக்கட்டுதல் ஒழிய வேண்டியதே, ஐயமில்லை. ஆனால் வழக்கத்தின்மேல் வீழ்ந்த பழி, கலையறிந்த பெண்டிர்மேலும் வீழ்ந்தது. சதிர், பரதநாட்டியம் என்னும் பெயர் பூண்டு மேடையேறியபோது, அதனைக் காத்த குடும்பங்கள் பல ஒதுங்கி நின்றன.

கண்ணனைத் தாய் அழைக்கும் கன்னடப் பாடலொன்று பாலசரசுவதியின் பெயரோடு ஒன்றிவிட்டது. சத்யஜித் ராய் 1976-இல் உருவாக்கிய 'பாலா' ஆவணப்படத்தில் கடற்கரையில் அதனை ஆடுகிறார். பாடகர் ஓரடியையே மீண்டும் மீண்டும் பாடுவார். பாட்டு நிற்க, கதை நடக்கும். 'வா' என்னும் ஒரு சொல் கெஞ்சலாகும், பொய்ச்சினமாகும், ஏக்கமாகும். மேடையில் குழந்தை இல்லை. தாயின் பார்வை தாழும் அளவே குழந்தையின் உயரத்தைக் காட்டிவிடும். 1962-இல் அமெரிக்காவிலும் 1963-இல் எடின்பரோ விழாவிலும் அவரைக் கண்டோர் பெரும்பாலும் பாடலின் மொழி அறியாதவர்.

1973-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார்; ஆடற்கலைஞர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. 1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் ஆடல் நிகழ்ச்சியைக் கோயிலாக உருவகித்தார். அலாரிப்பு கோபுரம், பதமோ கருவறை. முழவொலி தணிந்து அபிநயமே தனித்து நிற்கும் இடம் அது. கோயிலில் ஆடுதலைச் சட்டம் தடுத்து அப்போது 28 ஆண்டுகள் கழிந்திருந்தன.