சொன்ன பேச்சைக் கேட்காத நாய்... அடிக்காமல் விளையாட்டிலேயே பழக்குவது எப்படி?

வாசலில் விட்ட புது செருப்பு பத்து நிமிடத்தில் துண்டு துண்டாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்தவர் சட்டையில் அழுக்குக் கால் தடம். குழந்தையின் கையில் பல் கீறல். நாய்க்குட்டி வந்த முதல் சில மாதங்களில் பல வீடுகளில் நடப்பது இதுதான். முதலில் அதட்டல், அடுத்து அடி, கடைசியில் "பேசாம இதை யாருக்காவது கொடுத்துடலாம்" என்ற பேச்சு. சில நாய்கள் தெருவுக்கே வந்துவிடுகின்றன.

ஆனால், இந்தச் சேட்டைகளில் பெரும்பாலானவை கெட்ட குணம் அல்ல. குட்டிக்கு விளையாட வேண்டும். எதைக் கடிக்கலாம், எதைக் கடிக்கக் கூடாது என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த விளையாட்டு ஆசையையே பயிற்சியாக மாற்ற முடியும்.

விளையாட்டு எப்படி பாடமாகும்?

ஒரு செயலைச் செய்ததும் நல்லது கிடைத்தால், விலங்குகள் அதையே திரும்பச் செய்யும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்த விஷயம் இது. நாய்க்கு பிஸ்கட் மட்டும்தான் சம்பளம் என்றில்லை, பந்தும் சம்பளம்தான்.

வெடிகுண்டு, போதைப்பொருள் கண்டுபிடிக்கும் மோப்ப நாய்கள் பலவும் இப்படித்தான் பழக்கப்படுகின்றன. வெடிகுண்டு என்றால் என்ன என்று அவற்றுக்குத் தெரியாது. அந்த வாசனையைக் கண்டுபிடித்தால் பிடித்த பொம்மை கிடைக்கும், அது மட்டும் தெரியும்.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 லாப்ரடார் நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. புதிதாக ஒன்றைக் கற்றதும் விளையாடிய நாய்கள், ஓய்வெடுத்த நாய்களை விட அடுத்த நாள் குறைவான முயற்சியிலேயே அதைச் சரியாகச் செய்தன.

அடித்தால் கேட்காதா?

அந்த நேரத்துக்கு அடங்கும். ஆனால் பயம் தங்கிவிடும். போர்ச்சுகலில் 92 நாய்களிடம் நடத்தப்பட்டு 2020-ல் வெளியான ஆய்வில், தண்டனை முறையில் பழக்கப்பட்ட நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகம் காணப்பட்டன.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கலாம்.

வீட்டிலேயே விளையாட 4 விளையாட்டுகள்

1. கயிறு இழுத்தல்: பழைய துணியை முறுக்கி முடிச்சுப் போட்டாலே போதும். நாய் ஒரு பக்கம் இழுக்கும்போது நீங்கள் இழுப்பதை நிறுத்திவிட்டு, கையை அசைக்காமல் "விடு" என்று சொல்லுங்கள். விட்டதும் பாராட்டி, உடனே மறுபடியும் விளையாட்டைத் தொடங்குங்கள். 'விட்டால்தான் ஆட்டம் தொடரும்' என்று அதற்குப் புரியும். நாயை ஜெயிக்க விட்டால் அது நம்மை மதிக்காது என்பார்கள். கோல்டன் ரிட்ரீவர் நாய்களிடம் செய்து 2002-ல் வெளியான ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை.

2. பந்து எடுத்து வருதல்: பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறதா? துரத்தாதீர்கள். துரத்துவதையும் அது விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். இரண்டு பந்துகள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தோடு திரும்பி வரும்போது இரண்டாவதைக் காட்டுங்கள். வாயில் இருப்பதைப் போட்டதும் இதை வீசுங்கள்.

3. கண்ணாமூச்சி: வீட்டில் ஒருவர் நாயைப் பிடித்திருக்க, இன்னொருவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்து பெயர் சொல்லி "வா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட வேண்டும். கண்டுபிடித்ததும் கொண்டாட்டம். சாலையில் கயிறு நழுவி ஓடும்போது, கூப்பிட்டதும் திரும்பி வரும் இந்தப் பழக்கம் உயிரையே காப்பாற்றலாம். இதே "வா"வைச் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள்.

4. மோப்பத் தேடல்: தினமும் போடும் உணவில் ஒரு பிடியை அறையின் மூலைகளில், பழைய துண்டுக்குள் ஒளித்து வைத்து "தேடு" என்று சொல்லுங்கள். மழை நாளில் வெளியே போக முடியாத அபார்ட்மென்ட் நாய்களுக்கும், ஓட முடியாத வயதான நாய்களுக்கும் ஏற்றது.

கையைக் கடிக்கும் குட்டியை என்ன செய்வது?

சுமார் 3 முதல் 6 மாத வயதுக்குள் பால் பற்கள் விழுந்து புதிய பற்கள் முளைக்கும். அந்த நேரத்தில் கடிக்கத்தான் செய்யும். பல் கையில் பட்டதும் சத்தம் போடாமல் விளையாட்டை நிறுத்தி, அரை நிமிடம் திரும்பி நில்லுங்கள். பிறகு கடிப்பதற்கான பொம்மையைக் கொடுங்கள். கடித்தால் ஆட்டம் நிற்கும் என்பதே இங்கே பாடம். ஆனால் வீட்டில் அப்பா நிறுத்த, அண்ணன் கையைக் கொடுத்து விளையாடினால் குட்டி குழம்பிவிடும். எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே வார்த்தை.

எவ்வளவு நேரம்?

ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். நாய் சலித்துப் போகும் முன்பே முடித்துவிடுங்கள். ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, தெருவிலிருந்து எடுத்து வளர்த்ததோ, முறை ஒன்றுதான். எந்த விளையாட்டு பிடிக்கும் என்பது மட்டும் நாய்க்கு நாய் மாறும்.

இதையெல்லாம் கவனிங்க!

* பந்து நாயின் தொண்டைக்குள் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.
* வெயில் நேரத்தில் ஓட விடாதீர்கள். தரையில் புறங்கையை 5 விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் சுடும்.
* சாப்பிட்ட உடனே ஓட்டம் வேண்டாம்.
* பரிசாக சாக்லேட், திராட்சை, வெங்காயம் சேர்த்த உணவு கொடுக்கவே கூடாது. இவை நாய்களுக்கு விஷம்.
* தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் விடாமல் வீட்டுக்குள் விளையாட வையுங்கள்.
* சிறு குழந்தையையும் நாயையும் தனியாக விளையாட விடாதீர்கள்.

விளையாட்டில் பல் பட்டுத் தோல் கிழிந்தால், 'நம்ம வீட்டு நாய்தானே' என்று விட்டுவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரேபிஸ் வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த நாய் திடீரென உறுமினாலோ, தொட்டால் கடிக்க வந்தாலோ, அது வலியாகவும் இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.