சாக்கலூத்து மெட்டுத் தடம்

ஊருக்குப் போனால் காலையில் ஓடுவேன். தேவாரத்திலிருந்து மேற்கே, மலையடிவாரம் வரை. தென்னந்தோப்பு முடிஞ்சதும் சட்டென்று மலை. சாக்கலூத்து மெட்டுக்கு ஏறும் தடம் அந்தப் பக்கம்தான்.

நம்ம பக்கம் 'மெட்டு' என்றால் மலையைக் கடக்கும் இடம். போடிமெட்டு, கம்பம்மெட்டுக்குத் தார்ச்சாலை போகுது. இதற்குச் சாலை கேட்பது ஊரின் நீண்டநாள் கோரிக்கை.

மேலே ஏலத்தோட்டங்கள். அன்று திருவிதாங்கூர், 1956 முதல் கேரளா. எல்லைக்கோடு எப்படியிருந்தாலும், இந்தப் பள்ளத்தாக்கு ஆட்கள் வேலைக்கு மலையேறுவது நிற்கவில்லை. முன்பு நடை, இன்று ஜீப்பில் சுற்றுவழி.

எனக்கு அது உடற்பயிற்சி, அவர்களுக்குப் பிழைப்பு. மெட்டுச் சாலைகளுக்கு அரசு ஆவணம் இருக்கும். நடந்தே ஏறியவர்களுக்கு நினைவு மட்டும்தான். உங்க வீட்டில் அப்படி யாராவது இருந்தால், இப்பவே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்க.