அவுரி தந்த நீலம்

அவுரி தமிழகத்தார் நன்கறிந்த செடி. துவரை, கொள்ளு முதலியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து ஊட்டுவது. இலையில் நீலம் சிறிதும் தென்படாது. பூக்கும் பருவத்தில் செடியை அறுத்துத் தொட்டி நீரில் ஊறவைப்பர். அந்நீரை வடித்துக் காற்றுப் படும்படி ஓயாது அடித்துக் கலக்கினால்தான் நீலம் தோன்றி வண்டலாகப் படியும். அதை உலர்த்திய கட்டிகளே கப்பலேறின.

இச்சாதுவான செடியை வெறுத்தவர்களும் உண்டு. 1859-இல் வங்கத்துக் குடியானவர்கள் இதனை விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். பீகாரின் வடகோடியிலுள்ள சம்பாரணிலோ, கொடுமை மேலும் நீடித்தது. அங்கே 20 கட்டா கொண்டது ஒரு பிகா நிலம். அதில் 3 கட்டாவில் அவுரியே பயிரிட வேண்டும் என்பது வெள்ளைத் தோட்டக்காரர் விதித்த கட்டாயம். விலையை நிர்ணயிப்பவரும் அவரே!

1897-இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரியின் விலை சரிந்தது. இனிக் குடியானவன் தப்பினான் என்றுதானே எண்ணுவோம்? தோட்டக்காரர்களோ அவுரியிலிருந்து விடுவிப்பதற்கும் விலை கேட்டனர்: சிலரிடம் குத்தகையை உயர்த்தினர், சிலரிடம் ‘தாவான்’ என்று ரொக்கமாகவே வசூலித்தனர். நட்டம் முழுவதும் ஏழையின் தலையில் விழுந்தது.

ராஜ்குமார் சுக்லா என்ற குடியானவர் விடாது வற்புறுத்தி அழைக்க, 1917 ஏப்ரலில் காந்தியடிகள் அங்கே சென்றார். ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் பதிவாயின. விசாரணைக் குழுவில் அவரும் அமர்ந்தார். தாவானில் கால் பங்கைத் திருப்பித் தர இணக்கம் ஏற்பட்டது. தொகை சிறிதுதான், ஆயினும் தோட்டக்காரர் கை குடியானவனுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தது என்பதை எளிதாக எண்ணிவிட முடியவில்லை. 1918-இல் வந்த சட்டம் 3 கட்டாக் கட்டாயத்தை ஒழித்தது.

திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரியிலிருந்து நீலம் எடுக்கிறார்கள். ஊறிய தழை வயலுக்கு எருவாகிறது.