அதிரும் நாற்காலி

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் இரண்டு ஜாதி மனிதர்கள் ஏறுகிறார்கள். முதுகு என்று ஒன்று இருப்பதையே அறியாதவர்கள் ஒரு ஜாதி. அதைத் தவிர வேறொன்றையும் நினைக்க முடியாதவர்கள் மற்றொரு ஜாதி. முதுகெலும்பு தேய்ந்துவிட்டதென்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து நான் இரண்டாவது ஜாதி.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010-ல் ஒரகடத்திலும் மோட்டார்த் தொழிற்சாலைகள் ஓடத் தொடங்கின. இப்போது இந்தச் சாலையில் லாரிகளுக்கு இரவு பகல் கிடையாது. டீக்கடை ஒன்றில் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, "உங்களுக்குமா சார்?" என்றார் ஒரு லாரி டிரைவர். ஒலியால் உடம்பை அதிரவைக்கும் நாற்காலி வைத்தியத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அதிர்ந்து அதிர்ந்துதானே சார் வலியே வந்தது! மறுபடி அதிர்ந்தா போயிடுமா?"

நியாயமான கேள்வி. பதிலுக்காகச் சரித்திரத்தைப் புரட்டினேன்.

பாரிஸில் சார்க்கோ என்ற பெரிய வைத்தியர் இருந்தார். நடுக்குவாத நோயாளிகள் சிலர், ரயிலிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் குலுங்கிவந்த பிறகு உடம்பு தேவலை என்றார்கள். அதைக் கேட்டு அவர் அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். 1892-ல் அதைப் பற்றிப் பேசினார். மறு வருஷமே காலமானார். நாற்காலியும் மூலைக்குப் போயிற்று.

1980-களில் நார்வே தேசத்து ஓலவ் ஸ்கில்லே, ஒலிபெருக்கிகளை நோயாளியின் உடம்போடு ஒட்டிவைத்து, விநாடிக்கு 30 முதல் 120 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலியைச் செலுத்தினார். இதமாக இருப்பதற்கு ஒரு காரணமும் சொல்லலாம். தொடு உணர்ச்சி, முதுகுத்தண்டிலே வலி செல்லும் வாயிலை ஓரளவு அடைக்கிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் எழுதினார்கள். இடித்துக்கொண்ட குழந்தையின் முழங்காலைத் தேய்த்துவிடும் தாய்க்கு இது முன்பே தெரியும்!

லாரியின் அதிர்வு வேறு. விநாடிக்கு 4 முதல் 8 தடவை குலுங்கும்போது மனித உடம்பும் அதோடு சேர்ந்து ஆடும். பாரமெல்லாம் முதுகெலும்பில் இறங்கும். டிரைவர் சொன்னதில் பாதி சரி.

மறு பாதி? 2012-ல் சிகாகோ ஆராய்ச்சியாளர்கள் சார்க்கோவின் நாற்காலியை மறுபடி சோதித்தார்கள். நடுக்குவாதக்காரர்கள்தான், முதுகுவலிக்காரர்கள் அல்ல. ஒரு சாராருக்கு ஒலியும் அதிர்வும். மற்றொரு சாராருக்கு ஒலி மட்டும். தினம் அரை மணி, ஒரு மாதம். இரு சாராருக்கும் குணம் தெரிந்தது. பெரிய வித்தியாசம் இல்லை.

குணப்படுத்தியது அதிர்வா, அந்த அரை மணி ஓய்வா? ஓய்வுதான் என்றால், நாற்காலிகூட வேண்டியதில்லை. ஆனால் லோடு காத்திருக்கும் டிரைவருக்கு அந்த அரை மணியை யார் கொடுப்பார்கள்? அவர் என்னைக் கேட்ட கேள்வியைவிட இது கடினமானது.