காய்ச்சல் விட்டதும் ஓட வேண்டாம்

வைரஸ் காய்ச்சல் விட்ட மறுநாளே ஃபஜ்ர் தொழுதுவிட்டு வேலூர் கோட்டைப் பக்கம் ஓடப் போவதும், ஆம்பூரில் ஈரத்தோல் தூக்கப் போவதும் ஆபத்து. சில வைரஸ்கள் இதயத் தசையிலும் வீக்கத்தை உண்டாக்கும். அந்நிலையில் கடும் உழைப்பு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி உயிரையே பறிக்கலாம்.

வெறும் மூக்கடைப்பு என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி இருந்தால் ஓய்வுதான். கோவிட் வந்தவர்கள் அறிகுறிகள் நீங்கி 7 நாட்களாவது கழித்தே தொடங்க வேண்டும் என 2021-இல் பிரிட்டன் மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். தொடக்கத்தில் பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும். நெஞ்சு வலித்தாலோ படபடத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சென்று ஈ.சி.ஜி. எடுங்கள்.

நிற்க முடியாத நோயாளி உட்கார்ந்து தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். தொழுகைக்கே உள்ள சலுகை ஓட்டத்துக்கு இல்லையா? முதலாளிமார்களும் காய்ச்சலிலிருந்து எழுந்து வருபவருக்கு முதல் வாரம் இலகுவான வேலை கொடுக்கட்டும்.