வனராஜாவும் ஒரு பிஸ்கட் தகரமும்

ஹற்றனிலிருந்து மஸ்கெலியாவுக்குச் செல்பவர்கள் டிக்கோயாப் பகுதியில் வனராஜா என்னும் தேயிலைத் தோட்டத்தின் பெயரைக் கேட்டிருப்பார்கள். மலையகச் செய்திகளை வாசிப்போருக்கும் அது பழக்கமான பெயரே. நானும் அதைப் பலமுறை செய்திகளில் எழுதியிருக்கிறேன். அது ஒரு செடியின் பெயரும் ஆகும் என்பதை 1978ஆம் ஆண்டு வரை நான் அறியாதிருந்தேன்.

சிவனொளிபாதமலைச் சாரலின் ஈரக் காடுகளில், உக்கிய சருகுக்குள் தண்டை ஓடவிட்டு, நிலத்தை ஒட்டியே வளரும் ஒர்க்கிட் இனம் அது. அதன் பூ வெண்மையானது, மிகச் சிறியது. பூவுக்காக அதை எவரும் தேடியதில்லை, இலைக்காகவே தேடினார்கள். கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் கலந்த வெல்வெட் துணி போன்ற இலைப் பரப்பில், பொன்னிழையால் வலை பின்னியதுபோல நரம்புகள் ஓடும். சிங்கள மக்கள் அதைக் காட்டின் அரசன் என்று அழைத்தனர். தாவரவியலாளர் சூட்டிய அனெக்டோகிலஸ் ரெகாலிஸ் என்ற பெயரிலும் அரசனுக்குரியது என்ற பொருளே இருக்கிறது. பழைய நூல்களில் அனெக்டோகிலஸ் செட்டேசியஸ் என்றும் காணலாம். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட 'சிலோன்' என்னும் பெருநூலில் இந்தச் செடியை வியந்து குறிப்பிட்டுள்ளார்.

அக்காலத்து இங்கிலாந்தில் செல்வந்தர் வீடுகளில் வெப்பநாட்டு இலைச்செடிகளை வளர்ப்பது ஒரு மோகமாக இருந்தது. நதானியேல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் பன்னம் ஒன்று தானாக முளைத்திருப்பதை 1829இல் கண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வளர்க்கும் முறையை வகுத்தார். 1842இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். ரொபர்ட் போர்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான்.

ஐரோப்பாவில் கண்ணாடிக்குள் வனராஜா பேணப்பட்ட அதே தலைமுறையில்தான் டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. காட்டை வெட்டியதும் நம்மவர்களே என்று பலர் எழுதுகிறார்கள். அது முழுமையான உண்மை அல்ல. மரங்களைச் சாய்க்கும் வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்த அடிப்படையில் செய்தனர். எரிந்த நிலத்தில் குழி வெட்டி, நாற்று நட்டு, களை பிடுங்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. மஸ்கெலியாவின் மொக்காத் தோட்டம் இன்றும் கோப்பிக்குப் பேர்போன ஏமன் துறைமுகத்தின் பெயரைச் சுமந்துகொண்டு தேயிலையைத் தந்துகொண்டிருக்கிறது!

1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் வற்புறுத்தியதன் பேரில், 5,000 அடிக்கு மேற்பட்ட அரச காடுகளை வெட்டுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. மழையையும் ஆற்றுநீரையும் எண்ணிச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆயினும் வனராஜாவுக்கு மிஞ்சிய இடத்தில் ஒரு பகுதி அதனால்தான் மிஞ்சியது.

1978இல் மஸ்கெலியாவுக்கு நான் சென்றது செடி பார்க்க அல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த குடும்பங்களைப் பற்றி எழுதச் சென்றேன். அங்கே ஒரு லயத்தில், முன்பு துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். இராமேஸ்வரம் கப்பலுக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அவர் வீட்டுக் கோடியில் ஒரு பிஸ்கட் தகரம். அதன்மேல் உடைந்த யன்னல் கண்ணாடி. உள்ளே பொன் நரம்போடிய நான்கு இலைகள். வார்ட் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

"இது பூவுக்கு வளக்கிற செடி இல்லீங்க ஐயா, எலைக்கு. ஈரம் வேணும், ஆனா தண்ணியில நிக்கக்கூடாது. வெயிலு கண்ணாலகூடப் பாக்கக்கூடாது" என்றார். பூத்தண்டு எழுந்தால் கிள்ளிவிடுவாராம். பூத்தால் செடி இளைத்துவிடும் என்றார். கப்பலில் செடிகொடி ஏற்றவிட மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தகரத்தை என்னிடம் தந்தார். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

கொழும்பில் அது மூன்று வாரம் உயிரோடிருந்தது. பிஸ்கட் தகரம் பத்திரிகையாளன் வீட்டுக்கு அழகில்லை என்று நினைத்து, செடியைச் சட்டிக்கு மாற்றி, தண்டைத் தோட்டமண்ணில் நன்றாகப் புதைத்து, யன்னலோரம் வைத்து, நாளுக்கு இருமுறை தண்ணீர் ஊற்றினேன். தண்டு அடியிலிருந்து கறுத்து அழுகிற்று.

நான் செய்த ஒவ்வொன்றும் பிழை என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். வனராஜாவின் சதைப்பற்றுள்ள தண்டு மண்ணுக்குள் போவதில்லை. சருகின் மேல் படுத்து, கணுவுக்குக் கணு வேர் விடும். காற்றோட்டமுள்ள உக்கிய இலையோ பாசியோ வேண்டும். காற்றில் ஈரம் குறையக்கூடாது. இலையிடுக்கில் நீர் தேங்கவும் கூடாது. சுமார் 4,000 அடிக் குளிரில் பழகிய செடிக்குக் கொழும்பு யன்னலின் வெயில் நெருப்புக்குச் சமம். வேருள்ள கணுவோடு தண்டைத் துண்டித்துப் புதுச்செடி உண்டாக்கலாம். விதையிலிருந்து முளைப்பதோ அரிது. தூசு போன்ற அந்த விதையில் உணவுச் சேமிப்பு இல்லாததால், காட்டுமண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினால்தான் அது முளைக்கும். காட்டிலிருந்து பிடுங்கப்பட்ட ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று முளைப்பது எளிதன்று என்பதற்கு அதுவே காரணம். சிவனொளிபாதமலைக் காடு 1940இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே செடி பிடுங்குவது குற்றம். யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணி வழியாக மலையேறும் அன்பர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மறு ஆண்டு கூடலூரிலிருந்து எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. தாயகம் திரும்பியோருக்கான அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அங்கும் குளிர்தான், தண்ணீர் மட்டும் தொலைவு என்று யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். கடைசி வரியில் செடி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

நலமாக இருக்கிறது, புதிதாக ஓர் இலை விட்டிருக்கிறது என்று பதில் எழுதினேன்.