சாய்வுமேடையும் ஒரு வெள்ளிப் பதக்கமும்

போன கோடையில் இங்கிலாந்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை, மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்ற மையம் ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். அங்கே அவள் தன்னார்வலர். "சும்மா நிக்காதே, லாயத்தைப் பெருக்கு" என்று கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டாள்.

பெருக்கிக்கொண்டே பார்த்தேன். மூளை வாதம் உள்ள ஒரு சிறுமி, சக்கர நாற்காலியோடு சாய்வுமேடையில் ஏறினாள். மேடையிலிருந்து குதிரை முதுகுக்கு அவளை மாற்றினார்கள். ஒருவர் குதிரையை நடத்த, இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் கூடவே நடந்தார்கள். குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைகிறது. நாம் நடக்கும்போதும் ஏறக்குறைய இப்படித்தான். நடக்க முடியாத உடம்புக்கு நடையின் தாளம் கிடைக்கிறது. குதிரையின் உடல்சூடும் இறுகிய தசையைத் தளர்த்த உதவுகிறது.

"எத்தனை நாள் சிகிச்சை இது?" என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். "அவளையே கேளுங்க" என்றார். அவள் சொன்ன பதில்: "எனக்கு அடுத்த மாசம் போட்டி இருக்கு."

ஊருக்குத் திரும்பியும் அந்தப் பதில் மனசை விட்டுப் போகவில்லை. இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், அவள் சொன்னதே சரியான வரிசை என்று புரிந்தது.

டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல், 1921இல் பிறந்தவர், தேர்ந்த குதிரையேற்ற வீராங்கனை. 1944இல் கர்ப்பமாக இருந்தபோது போலியோ தாக்கியது. நாம் இளம்பிள்ளை வாதம் என்கிறோம்; அவருக்கு வந்ததோ 23 வயதில். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழே அவருக்குச் செயல்பாடு திரும்பவே இல்லை. மறுபடி குதிரை ஏறினார். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். 1947இல் ஸ்காண்டிநேவியப் போட்டியில் இரண்டாம் இடம்!

அவருடைய பிரிவு டிரெஸாஜ். குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக்காட்டும் போட்டி. அதில் குதிரைக்குக் கட்டளை போவது பெரும்பாலும் காலின் அழுத்தத்தால். கீழ்க்கால் வேலை செய்யாதவர் என்ன செய்வார்? தன் உடல் எடையையும் முதுகையும் மாற்றுவதையே கட்டளையாகப் புரிந்துகொள்ள, ஜூபிலி என்ற தன் குதிரையைப் பழக்கினார்.

சரி, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் ஏன் இல்லை? காலைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போட்டி ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே. காலில் முழு பலம் இருந்த பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. பெண்களை விடுங்கள், தங்கம் வென்ற ஸ்வீடன் அணியின் ஒரு வீரர் உண்மையில் அதிகாரி இல்லை, வெறும் சார்ஜெண்ட் என்று தெரிந்ததும், அணியின் பதக்கத்தையே பறித்துவிட்டார்கள்!

1952 ஹெல்சின்கியில் விதி மாறியது. அதிகாரி அல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது. ஆண்களோடு மோதிய நான்கு பெண்களில் ஒருவரான ஹார்ட்டல் தனிநபர் வெள்ளி வென்றார். தங்கம் வென்ற ஸ்வீடனின் ஹென்றி செயின்ட் சிர், அவர் பதக்க மேடை ஏற உதவினார் என்பது இன்றும் சொல்லப்படும் கதை. 1956இல் மறுபடியும் வெள்ளி.

இதற்குப் பிறகுதான் டென்மார்க்கிலும் நார்வேயிலும் பிசியோதெரபிஸ்டுகள் குதிரையேற்றத்தைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவது வேகம் பிடித்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கான தேசிய அமைப்புகள் 1969இல் தொடங்கின. 1996 அட்லாண்டாவில் பாராலிம்பிக்கிலும் குதிரையேற்றம் சேர்ந்தது.

குதிரை நல்லது என்று எந்த மருத்துவரும் சீட்டு எழுதிக்கொடுத்து ஹார்ட்டல் ஏறவில்லை. குதிரை ஏற ஆசைப்பட்டார், ஏறினார். மருத்துவம் அவர் பின்னால் வந்தது. அவரைத் தடுத்தவை இரண்டு: ஒன்று நோய், இன்னொன்று விதிப்புத்தகம். நோய் கடைசிவரை போகவில்லை. விதியை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

அந்தச் சாய்வுமேடையும் விதியை மாற்றுவது போலத்தான். சிறுமியின் காலை அது குணப்படுத்தவில்லை, குதிரைக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த உயரத்தை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். நான் சிகிச்சையைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாது. குதிரையின் பெயரைக் கேட்டிருக்க வேண்டும்.